பழைய லொறியின் குலம் கோத்திரம்

பழைய லொறி ஒன்று எந்தக் கொம்பனியின் எந்த மாதிரி என்பதற்கு நம்பத்தக்க சாட்சி அதன் செசி. முகமும் எஞ்சினும் அதற்கு அடுத்தபடிதான். முகப்பு எழுத்து, விளக்கு, பொனற், கபின் எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை. எஞ்சின் அதன் வாழ்நாளில் இரண்டு மூன்று தரம் மாறியிருக்கலாம். நீளவாக்கில் ஓடும் இரண்டு உருக்குச் சட்டங்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களும்தான் கடைசிவரை நிற்பவை. பதிவுப் புத்தகத்தில் வாகனத்தின் அடையாளமாக எழுதப்படும் இலக்கமும் அந்தச் சட்டத்தில்தான் அடிக்கப்பட்டிருக்கும்.

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் இந்த ஆராய்ச்சிக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. வேலணைத்தீவு பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாணத்தோடும், புங்குடுதீவு இன்னொரு தாம்போதியால் வேலணையோடும் இணைந்திருப்பதால் அங்கெல்லாம் லொறி தானே ஓடிப் போகும். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து படகில்தான் போகவேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகு. படகேற்றி இறக்கிய பெரிய வாகனம் பழுதானால் அதைத் திருப்பி ஏற்றும் செலவு வாகனத்தின் விலையையே எட்டிவிடலாம். அது நின்ற இடத்திலேயே நின்று, ஒவ்வொரு பாகமாக வேறு வாகனங்களுக்குப் போய்விடும். மிஞ்சுவது செசியும் முன் அச்சும் சிலவேளை எஞ்சின் கட்டையும்.

மிஞ்சியதையும் உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை. கடற்காற்றிலுள்ள உப்பு இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்த உப்பு நீர் மின்னோட்டத்தைக் கடத்துவதால் துருவேற்றம் விரைகிறது. குளோரைட்டு அயன்கள் இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தையும் துளைத்துவிடும். ஒரு மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள கபின் தகடும் மட்காட்டும் முதலில் போகும். தடித்த செசிச் சட்டம் பல ஆண்டுகள் தாங்கும். வார்ப்பிரும்பாலான எஞ்சின் கட்டையும் கியர்ப் பெட்டியும் எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் அழியும். ஆகவே தீவில் கிடக்கும் லொறியைப் பார்க்கப் போகிறவர், படங்களில் உள்ள அழகிய முகப்பைத் தேடாமல், கம்பித் தூரிகையோடும் அளவுநாடாவோடும் போவதே புத்தி.

முகப்பு மிஞ்சியிருந்தாலும் அது ஏமாற்றக்கூடும். பழைய காலத்தில் லொறிகள் பெரும்பாலும் முழுமையாக இறக்குமதியாகவில்லை. எஞ்சின், பொனற், முன் மட்காட், காற்றுக்கண்ணாடிக்குக் கீழான முன்தட்டு என்பவற்றோடு செசி மட்டும் கப்பலில் வரும். கபினையும் பின்பெட்டியையும் உள்ளூர்த் தச்சர் மரத்தால் கட்டுவர். ஒரே பட்டறையில் கட்டிய பெட்போட்டும் ஒஸ்ரினும் பக்கவாட்டிலும் பின்னாலும் அண்ணன் தம்பி போல் இருக்கும். கதவின் வடிவம், கூரையின் வளைவு, பெட்டியின் பூட்டு என்பன பட்டறையை அடையாளம் காட்டும். கொம்பனியைக் காட்டா.

பழைய லொறி எதையும் ‘பெட்போட்’ என்று சொல்லிவிடும் பழக்கமும் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் 1925 இல் வாங்கிய வொக்ஸ்ஹோல் கொம்பனி, 1931 இல் லூட்டன் நகரில் பெட்போட் என்ற பெயரில் லொறி செய்யத் தொடங்கியது. முதல் பெட்போட்டின் உருவம் பெரும்பாலும் அதற்கு முன் அங்கே பூட்டப்பட்ட செவ்ரொலெயின் உருவமே. 1939 இல் கே, எம், ஓ என்ற வரிசைகள் வந்தன. ஓ வகைக்கு உருண்ட மூக்கு, நடுவே பிரிந்த இரண்டு தட்டைக் கண்ணாடிகள். அதே ஆண்டு தொடங்கிய போருக்காகச் செய்த ஓவை, ஓஎக்ஸ் லொறிகளில் உருண்ட மூக்குப் போய், தட்டையான அகன்ற பொனற் வந்தது. உள்ளே எஞ்சின் ஒன்றுதான். 1950 இல் எஸ் வகை மூக்கை இழந்து தட்டை முகத்தோடு வந்தது. 1953 இல் ஏ வகை. 1958 இல் டிஜே எனப்படும் ஜே வகை மீண்டும் நீண்ட மூக்கோடும் வளைந்த ஒற்றைக் கண்ணாடியோடும் வந்து, பிரித்தானியாவில் 1970களின் நடுப்பகுதி வரையும் ஏற்றுமதிக்காக அதற்குப் பின்னும் நீடித்தது. 1960 இன் டிகே வகையைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றிலும் சுலபம். தட்டை முகம் கொண்டது. ஆனால் கபினுக்குள் எஞ்சின் மூடி இராது. எஞ்சின் ஆசனத்துக்குப் பின்னால் இருக்கும், வெளியே பக்க மடல்களைத் திறந்து வேலை செய்யவேண்டும்.

ஒரே முகம் இருபது, முப்பது ஆண்டு நீடித்தால் முகத்தை வைத்து ஆண்டு சொல்ல முடியாது. ‘ஜே வகை பெட்போட்’ என்று சொல்வது குடும்பப் பெயர் சொல்வது போன்றது. எத்தனை தொன், எந்த எஞ்சின், எந்த ஆண்டு என்ற கேள்விகள் அப்படியே நிற்கும்.

எதிர்ப்பக்கமாக, ஒரே வாகனம் பல பெயர்களில் நடமாடியதும் உண்டு. பர்மிங்ஹாம் நகரின் ஒஸ்ரின் கொம்பனி 1939 இல் வெளியிட்ட லொறி பெட்போட்டை அச்சொட்டாக ஒத்திருந்ததால் ‘பர்மிங்ஹாம் பெட்போட்’ என்றே பட்டப்பெயர் பெற்றது. 1952 இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாகிய பின், ஒரே தொழிற்சாலையின் ஒரே லொறிக்கு ஒரு முகவரிடம் ஒஸ்ரின் என்றும் இன்னொருவரிடம் மொறிஸ் என்றும் பெயர்ப்பட்டை ஒட்டப்பட்டது. 1960 இல் வந்த எஃப்ஜி வகை, கதவின் பின்பக்க மூலை சரிவாக வெட்டப்பட்டு, சந்துகளில் கதவு திறக்க வசதியாக அமைந்தது. அந்த ஒரே கபின் ஒஸ்ரின், மொறிஸ், பிஎம்சி, லேலண்ட் என்று நான்கு பெயர்களில் ஓடியது. அமெரிக்காவின் கிரைஸ்லர் கொம்பனி டொட்ஜ் லொறிக்கே ஃபார்கோ என்றும் பெயர் வைத்து விற்றது. இந்த இடங்களில் ‘எது உண்மைப் பெயர்’ என்ற கேள்விக்குப் பொருளில்லை. பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள பெயரே பெயர்.

பெயர்ப்பட்டை தரும் இன்னொரு மயக்கம் பெர்க்கின்ஸ். முகப்பிலோ எஞ்சினிலோ அந்தப் பெயரைக் கண்டதும் ‘பெர்க்கின்ஸ் லொறி’ என்பவர் பலர். பெர்க்கின்ஸ் லொறி செய்யவில்லை, டீசல் எஞ்சின் செய்தது. அதன் ஆறு சிலிண்டர் பி6 எஞ்சின் 1930களின் பிற்பகுதியிலிருந்து பல கொம்பனிகளின் லொறிகளில் ஏறியது. பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டுவதும் வழக்கம்.

அடுத்தது அளவுநாடா. முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை உள்ள தூரம் ஒவ்வொரு மாதிரிக்கும் தொழிற்சாலையில் நிர்ணயிக்கப்பட்டது. துருவேறினாலும் அது மாறாது. பெட்போட் ஓ வகையில் குட்டைச் செசிக்கு இது 9 அடி 3 அங்குலம். நீண்ட செசிக்கு 13 அடி 1 அங்குலம். அதே குடும்பத்தின் ஓபி பஸ்ஸுக்கு 14 அடி 6 அங்குலம். ஆகவே உருண்ட மூக்கும் 174 அங்குல இடைத்தூரமும் உள்ள ‘லொறி’ ஒன்று கண்ணில் பட்டால், அது பஸ்ஸாகப் பிறந்து பிறகு லொறியாக்கப்பட்டது என்று ஊகிக்கலாம். செசியை வெட்டி நீட்டியிருந்தால் கணக்குத் தவறும். சட்டத்தின் உட்பக்கத்தில் விரலை ஓட்டினால் ஒட்டுத் தழும்பு தட்டுப்படும்.

எஞ்சின் இருந்தால் சிலிண்டரின் விட்டத்தையும் அளக்கலாம். பழைய கையேடுகளில் காணப்படும் ‘குதிரைவலு’ எஞ்சினின் உண்மையான வலு அல்ல. பிரித்தானியா வாகன வரிக்காக வகுத்த கணக்கு அது: சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கித்து, சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5 ஆல் வகுக்கவேண்டும். பெட்போட் ஓ வகைக்குக் கையேடு சொல்வது 27.34. பின்னோக்கிக் கணித்தால் ஆறு சிலிண்டருக்கும் விட்டம் 3.375 அங்குலம். பிஸ்டன் ஓடும் தூரம் 4 அங்குலம். ஆக மொத்தக் கொள்ளளவு 3,519 கன சென்ரிமீற்றர். அந்த எஞ்சின் உண்மையில் தந்த வலு 72 குதிரை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன ‘பர்மிங்ஹாம் பெட்போட்’ எஞ்சினுக்கும் ஆறு சிலிண்டர்தான், ஓட்டமும் ஏறக்குறைய 4 அங்குலம்தான், விட்டம் சுமார் 3.35 அங்குலம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்துப் பெரிய பிஸ்டன் போடுவது கராஜ்களில் அன்றாட வேலை. ஒஸ்ரினின் சிலிண்டரை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் முப்பது பங்கு பெருப்பித்தால் அது பெட்போட்டின் அளவுக்கு வந்துவிடும். விட்டத்தை மட்டும் நம்பியவர் அந்த இடத்தில் சறுக்குவார். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்துகளையும் இலக்கங்களையும் பார்த்தால்தான் சந்தேகம் தீரும். அவை அச்சில் ஊற்றும்போதே வந்தவை, எளிதில் தேயா. வொக்ஸ்ஹோல் வழி வந்த பொருள்களில் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் உருவத்தையும் தேடலாம்.

மெக்கானிக்கின் கைக்கு மட்டும் தெரியும் சாட்சி ஒன்று நட்டில் இருக்கிறது. ஜோசப் விட்வேர்த் 1841 இல் வகுத்த புரியின் கோணம் 55 பாகை. பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் அந்த மரபே நெடுங்காலம் இருந்தது. 1948 இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகைப் பொதுப்புரிக்கு உடன்பட்டன. ஜப்பானிய லொறிகளில் மில்லிமீற்றர் அளவுப் புரி. கால் அங்குல விட்வேர்த் நட்டின் எதிரெதிர் முகங்களுக்கிடையே 13.3 மி.மீ. இருக்கும். 13 இலக்க ஸ்பனர் அதில் ஏறவே ஏறாது, 14 இலக்கம் ஏறி வழுக்கும். அரை அங்குல ஸ்பனரும் ஏறாது. செசியோடு பிறந்த போல்ட்டுகளில், அதாவது ஸ்பிறிங் பட்டைகளையும் குறுக்குச் சட்டங்களையும் பிடித்திருப்பவற்றில், எந்த ஸ்பனர் பிசகாமல் உட்காருகிறது என்று பார்ப்பதே வாகனத்தின் நாட்டையும் காலத்தையும் பாதி சொல்லிவிடும். பெட்டியையும் கபினையும் பிடிக்கும் போல்ட்டுகள் கடையில் வாங்கியவை, அவற்றை விட்டுவிடலாம். போர்ட் போன்ற அமெரிக்க வேருள்ள கொம்பனிகள் இங்கிலாந்தில் செய்தபோதும் அமெரிக்கப் புரியையே பயன்படுத்தியதால், நட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது.

ஆண்டுக்குச் சிறிய பாகங்களே நல்ல சாட்சி. லூக்காஸ் கொம்பனி செய்த டைனமோ, ஸ்டார்ட்டர் போன்றவற்றின் உடலில் மாதமும் ஆண்டும் இலக்கமாக அடித்திருக்கும். 6 52 என்றிருந்தால் 1952 ஜூன். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியின் மூலை முத்திரையில் குறிப்பிட்ட எழுத்துக்கு அருகே இடப்படும் சிறு புள்ளி ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும். பத்தாண்டு எது என்பதை அது சொல்லாது. லூக்காஸ் பல கொம்பனிகளுக்குப் பொருள் கொடுத்ததால் அதன் பெயர் லொறியின் பெயரைத் தராது, காலத்தை மட்டும் தரும். அதுவும் மாற்றிப் பூட்டிய பாகமாக இருக்கலாம். நாலைந்து பாகங்களின் திகதிகள் ஒன்றிரண்டு ஆண்டுக்குள் நெருங்கி நின்றால் நம்பலாம். ஒன்று மட்டும் பத்தாண்டு தள்ளி நின்றால் அது வந்தேறி.

இந்திய லொறிகளின் இலக்கத்தை வாசிப்பது சுலபம். 1954 இல் டாட்டா, ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு 15 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. 1969 வரை லொறியின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம், அதற்குப் பின் டாட்டாவின் எழுத்து. ‘டாட்டா பென்ஸ்’ என்ற பெயர் மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. பென்ஸின் முறைப்படி 1210 என்றால் மொத்த எடை 12 தொன், வலு பத்துப் பத்துக் குதிரை, அதாவது 100. 407 என்றால் 4 தொன், 70 குதிரை. சென்னையில் 1948 இல் அசோக் மோட்டர்ஸாகத் தொடங்கி 1955 இல் அசோக் லேலண்டான கொம்பனியின் தொடக்ககால லொறி பிரித்தானிய லேலண்டின் கொமற். ஆகவே ‘லேலண்ட்’ என்ற ஒரு சொல் இரண்டு நாடுகளைக் குறிக்கக்கூடும்.

1980களுக்குப் பிந்திய வாகனமானால் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட உலகப் பொது அடையாளம் இருக்கும். அதில் முதல் இரண்டு இடங்களும் சேர்ந்து நாட்டைக் காட்டும்: ஜே என்று தொடங்கினால் ஜப்பான்; பிரித்தானிய எண் எஸ் என்றும் இந்திய எண் எம் என்றும் தொடங்கும், ஆனால் அந்த இரண்டு எழுத்துகளும் வேறு நாடுகளுக்கும் உண்டு. எம்ஏடி என்று தொடங்கினால் டாட்டா, எம்பி1 என்றால் அசோக் லேலண்ட். ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் இலக்கங்களோடு மயங்குவதால் அதில் வருவதேயில்லை. வந்திருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஜப்பான் தன் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வாகனங்களில் இந்த நீண்ட எண் இராது. மாதிரிக் குறியீடு, ஒரு கோடு, தொடர் இலக்கம், அவ்வளவுதான். அங்கிருந்து பாவித்த வாகனமாக வந்தவற்றில் இதையே தேடவேண்டும்.

செசி இலக்கம் துருவால் மறைந்திருந்தால் அவசரப்பட்டு அரத்தால் தேய்க்கக் கூடாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, ரோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குழிவுகளில் நிழல் விழுந்து இலக்கம் எழும்பி வரும். வெண்கட்டியைத் தடவித் துடைத்தாலும் எழுத்துக்குள் வெள்ளை நிற்கும். வேண்டுமென்றே அராவி அழித்த இலக்கத்தையும் சிலவேளை மீட்கலாம். அச்சை ஓங்கி அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் குழிக்குக் கீழேயுள்ள உலோகமும் நசுங்குகிறது. மேற்பரப்பை அராவி எடுத்தாலும் அந்த நசுங்கல் அடியில் இருக்கும். ஐதரோகுளோரிக் அமிலமும் செப்புக் குளோரைட்டும் கலந்த ஃபிரை கரைசலைப் பூசினால் நசுங்கிய உலோகமும் நசுங்காத உலோகமும் ஒரே மாதிரித் தாக்கப்படாததால் பழைய இலக்கம் நிழல் போலத் தெரியும். தடயவியல் ஆய்வுகூடங்கள் செய்வது இதுதான். வீட்டில் செய்யும் வேலை அல்ல.

இலங்கையில் இலக்கத்தகடும் ஒரு நாட்காட்டி. ஈஎல், ஈஎன், ஈவை போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பதிவு 1957 க்கு முந்தியது. அந்த ஆண்டு சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டது. வடக்கில் அதை எதிர்த்துத் தமிழில் ஸ்ரீ எழுதிய போராட்டத்துக்கும் 1958 இன் கசப்புக்கும் காரணமான அதே எழுத்து. பிறகு வெறும் இலக்கங்களும் கோடும். 2000 முதல் ஆங்கில எழுத்துகள், நெடுங்காலம் மாகாணக் குறியோடு. லொறிகளுக்கு எல் வரிசை. தகடு சொல்வது இந்த நாட்டில் பதிவான காலத்தை மட்டும். பாவித்த வாகனமாக இறங்கியிருந்தால் தயாரித்த ஆண்டு அதற்கு வெகுமுன்பு இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் எஞ்சினை ஏன் கடைசிச் சாட்சியாக வைக்கவேண்டும் என்பதற்கு 1990களே காரணம். 1991 இல் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் இடம்பெயர்ந்தபோது வாகனங்கள் பல பின்தங்கின. பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் உதிரிப்பாகமும் குடாநாட்டுக்குள் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது பழைய பிரித்தானியப் பெற்றோல் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் 6 க்கு 1 அளவில் தாழ்ந்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. இன்றைய உயர் அமுக்க எஞ்சின் மண்ணெண்ணெயில் தட்டித் தட்டி உடைந்துபோகும். ஆறின எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல் சம்புக்குள் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். பேரிங் தேயும். தேய்ந்த எஞ்சினுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த எஞ்சின் ஏறும். இப்படிப் பிரித்தானியச் செசி, ஜப்பானிய எஞ்சின், உள்ளூர் மரக் கபின் என்று மூன்று குலம் கலந்த லொறிகள் உருவாயின. அவற்றைப் போலி என்று தள்ளுவது அநியாயம். ஆனால் பெயர் எழுதும்போது செசியின் பெயரையே எழுதவேண்டும்.

பனங்கூடலுக்குள் ஒரு செசி கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கபின் இல்லை. உள்ளே நாலு சிலிண்டர் ஜப்பானிய டீசல் எஞ்சின். இடைத்தூரம் 157 அங்குலம், சட்டத்தில் ஒட்டுத் தழும்பு இல்லை. மூலையில் கிடக்கும் பொனற்துண்டு உருண்டது. டைனமோ ஜப்பானுடையது, அது எஞ்சினோடு வந்தது, கணக்கில் சேராது. விளக்கின் பின்புறத்தில் லூக்காஸின் 1949 திகதி. இதற்குப் ‘பெட்போட் ஓ வகை, நீண்ட செசி, 1949 அளவில், எஞ்சின் மாற்றப்பட்டது’ என்று எழுதலாம். செசி இலக்கம் கிடைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு பொருந்தினால் ‘அளவில்’ என்ற சொல்லை எடுத்துவிடலாம். பொருந்தாவிட்டால் அந்தச் சொல் இருக்கத்தான் வேண்டும்.

தீவுகளில் மிஞ்சியுள்ள செசிகள் பழைய இரும்பாக ஒவ்வொன்றாகப் படகேறுகின்றன. வளவில் ஒன்று கிடந்தால், வெட்டக் கொடுக்குமுன் முன்சட்டத்தின் இலக்கத்தையும் எஞ்சின் கட்டையில் புடைத்து நிற்கும் எழுத்துகளையும் பக்க வெளிச்சத்தில் படமெடுத்து, இடைத்தூரத்தை அளந்து, பழைய லொறிப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.